கல்லில் வெட்ட நாலு வரி

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவர் என்று சிலரைச் சொல்வோம். சின்னவள் மழைக்கு நூலகத்தில் ஒதுங்கினாள், வசமாக மாட்டிக்கொண்டாள். கைக்குக் கிடைத்த யாப்பிலக்கணப் புத்தகத்தைச் சும்மா புரட்டப் போய், வெண்பாப் பைத்தியம் பிடித்துவிட்டது.

பகலெல்லாம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிப் பெட்டி அடுக்குகிறவள் அவள். வண்டி பின்னால் நகரும்போது கத்தும் பீப்பீப் சத்தத்துக்கு நடுவே, "தேமா, புளிமா, தேமாங்காய், புளிமாங்காய்" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். "என்னக்கா, இன்னைக்கு மாங்கா லோடா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். அவள் கண்டுகொள்வதில்லை. ஒரு சீர் எப்படி முடிகிறதோ அதற்கு ஏற்றபடிதான் அடுத்த சீர் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் தளை தட்டும். அடியில் கோணலாக வைத்த பெட்டி மேலே காட்டிக்கொடுப்பதைத் தினமும் பார்ப்பவளுக்கு இது விளங்காமல் போகுமா? விளங்கியது. எழுதத்தான் வரவில்லை. ஒவ்வொரு வெண்பாவும் மூன்றாவது அடியில் முட்டிக்கொண்டு நின்றது.

அம்மா சும்மா விடுவாளா? "நாலு வரிக்கு நாலு மாசமா? நான் போய்ச் சேர்ந்ததும் என் கல்லுல வெட்ட ஒண்ணு எழுது. அதையாவது முடிக்கிறியான்னு பாப்போம். இப்ப வந்து கொட்டிக்க, சோறு ஆறுது."

அம்மா விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் போயே சேர்ந்துவிட்டாள்.

கல் வைப்பது என்று அண்ணன் முடிவு செய்தான். அவன் எலக்ட்ரீஷியன், எதையும் இழுத்தடிப்பது பிடிக்காது. கல் வெட்டுகிறவர் தம் பட்டறையில் வாசகங்கள் அச்சிட்ட அட்டை ஒன்று வைத்திருந்தார். "உங்கள் நினைவே எங்கள் வழித்துணை" என்பதில் அண்ணன் விரலை வைத்தான்.

"இது வேணாம். நான் எழுதித் தரேன்" என்றாள் சின்னவள்.

"நீ இதுவரைக்கும் ஒண்ணாவது முடிச்சிருக்கியா?"

"இல்ல. இத முடிப்பேன்."

"வெள்ளிக்கிழமை காலைல அவர் உளிய எடுத்துடுவாரு. அதுக்குள்ள வரலைன்னா அட்டையில இருக்கறதுதான். அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

கல்லில் ஏறியது ஏறியதுதான், அடித்துத் திருத்த முடியாது. யார் வீட்டு அம்மாவுக்கும் பொருந்துகிற அந்த வரி தன் அம்மாவின் தலைமாட்டில் காலம் முழுக்க நிற்க அவள் விடுவதாக இல்லை. ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினாள்.

புதன்கிழமை சாயங்காலம் வெண்பா முடிந்தது! முதன்முதலாக நாலடியும் முடிந்தது. சீர் சீராகப் பிரித்து அலகிட்டுப் பார்த்தாள். ஓரிடத்தில்கூடத் தட்டவில்லை. கால் தரையில் பாவாமல் அண்ணன் வீட்டுக்கு ஓடி, வாசலிலேயே நின்று படித்தாள். "அன்பே வடிவான அன்னை, இனியமொழி..." என்று தொடங்கி, பொன்மனம், புன்சிரிப்பு என்று போய் முடிந்தது.

அண்ணன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்காமலே முழுக்கக் கேட்டான். பிறகு நிதானமாகச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு. யாரு இது?"

"அம்மா!"

"நம்ம அம்மாவா? இனிய மொழியா? சின்னது, நம்ம அம்மா இதைக் கேட்டிருந்தா கரண்டியால போட்டிருப்பா."

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது உண்மை. அன்பு என்று தொடங்கியதும் எதுகை தேடி 'பொன்' வந்தது, 'புன்' வந்தது, வந்ததையெல்லாம் வா வா என்று உட்கார வைத்துவிட்டாள். அம்மாவுக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. பேப்பரைச் சுக்குநூறாகக் கிழித்து அண்ணன் வீட்டுக் குப்பைக்கூடையிலேயே போட்டாள். அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது, அதுதான் நல்லதாய்ப் போயிற்று.

"நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு" என்றான் அண்ணன். இந்தத் தடவை அவன் கேலி செய்யவில்லை.

இனி உண்மையைத்தான் எழுதுவது, தளையும் தட்டக் கூடாது. 'அம்மா திட்டி' என்று ஆரம்பித்தாள். எடுத்த எடுப்பிலேயே தட்டியது. வீட்டில் ஒரு நாளும் பிரியாத அம்மாவும் திட்டும், வெண்பாவில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க மாட்டோம் என்றன. வியாழன் காலை முழுக்க வண்டியில் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் அம்மா என்ற சொல்லையே தூக்கினாள். திட்டு இருந்தால் போதும், அம்மா தானாக வந்துவிடுவாள்.

அதன்பின் இரண்டு அடிகள் மளமளவென்று வந்தன. மூன்றாவதில் வழக்கம்போல முட்டியது. மத்தியான இடைவேளையில் டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்தாள். இறங்கவில்லை. அம்மா போனதிலிருந்தே இப்படித்தான், ஒரு வசவும் காதில் விழாமல் சாப்பிடத் தொண்டைக்குப் பழக்கமில்லை. டப்பாவை அப்படியே மூடினாள். அட, இதுதானே மூன்றாவது அடி! பெட்டியில் ஒட்டும் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். நாலாவது அடி பின்னாலேயே வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை காலை பட்டறையில் அண்ணன் முந்தி வந்திருந்தான். அவள் சீட்டை நீட்டினாள். அவன் வாய்விட்டே படித்தான்.

*திட்டாமல் சோறிட்ட தில்லை; ஒருநாளும்*
*தட்டு நிறையாமல் விட்டதில்லை; – கொட்டிய*
*சொல்லெல்லாம் ஓய்ந்தபின் சோறிறங்க வில்லையே;*
*கல்லே, ஒருமுறை திட்டு.*

முதலடியில் பக்கென்று சிரித்தான். மூன்றாவதை இரண்டு தடவை படித்தான். நாலாவதை முடித்துவிட்டு, சுவரில் இருந்த சுவிட்ச் போர்டைப் பழுது பார்க்கிறவன் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். சின்னவளும் அவன் முகத்தைத் தேடிப் போகவில்லை.

கல் வெட்டுகிறவர் சீட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். அவருக்குச் சங்கடமாக இருந்தது. "எல்லாம் சரிதாம்மா. கல்லுல போயி 'திட்டு'ன்னு எப்படி வெட்டறது? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? கடைசிச் சொல்ல மட்டும் 'வாழ்த்து'ன்னு மாத்திக்கலாமா?"

சின்னவள் மனத்துக்குள் அலகிட்டாள். கல்லே, ஒருமுறை வாழ்த்து. பொருந்தியது. துளிகூடத் தட்டவில்லை. இலக்கணத்தைச் சாக்குச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"திட்டுதான். நல்லா ஆழமா வெட்டுங்க."