துண்டைக் கடித்த எலி

வீட்டுச் சாமான் கடையின் புகார் மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு, கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் கல்லுமூஞ்சி. வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. "வாஷிங் மெஷின் ஓட ஆரம்பிச்சா நடந்து வாசல் வரைக்கும் வந்துடுது சார். ஒருநாள் எனக்கு முன்னாடி ஆபீசுக்குக் கிளம்பிடும் போல" என்று ஒருவர் முறையிட்டபோது கடையே விழுந்து விழுந்து சிரித்தது. நம் ஆள் மட்டும் முகம் இம்மியும் அசையாமல், "எவ்வளவு நாளா நடக்குது?" என்று கேட்டார். முதலாளி அசந்துபோய் அவரையே புகார் பிரிவுக்குத் தலைவராக்கிவிட்டார். மேசைக்கு அடியில் அவர் தன் தொடையைக் கிள்ளிக் கிள்ளிக் கன்ற வைத்திருந்தது முதலாளிக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். அவருக்குச் சிரிப்பு வராமல் இல்லை. வந்தால் கழுதை கத்துவது போல வரும். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தபோது, வாத்தியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யாருப்பா அங்க, அந்தக் கழுதைய ஓட்டிவிடு" என்றார். அன்றோடு வாயைப் பூட்டினார். போகப்போக, தான் பிறவியிலேயே கண்டிப்பான ஆள் என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். ஊரை ஏமாற்றுகிறவனைத் திட்டலாம், தன்னையே ஏமாற்றிக்கொள்கிறவனை என்ன சொல்வது?

போதாக்குறைக்கு, கல்யாணமான புதிதில் மனைவி தன் அக்காவிடம், "ஆளு நல்ல கம்பீரம்க்கா" என்று சொன்னது அவர் காதில் விழுந்து தொலைத்தது. அந்தக் கம்பீரத்தைக் கட்டிக் காப்பதே பிழைப்பாகிவிட்டது.

வாய்த்தவளோ வாயைத் திறந்தால் வேடிக்கைதான். தையல் கடையில் அளவெடுக்கிற வேலை. சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பிப்பாள்.

"வயித்த எக்கிட்டு அளவு குடுத்தாருங்க ஒருத்தர். இன்னிக்குச் சட்டையப் போட்டுப் பாத்துட்டு ஒரு மூச்சு விட்டாரு. பட்டன் தெறிச்சு என் மூக்குல வந்து அடிக்குது. 'அளவு தப்பும்மா'ன்றாரு. 'அளவு சரிதான் சார், நீங்க மூச்சு விட்டதுதான் தப்பு'ன்னுட்டேன்."

நம் ஆள் துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் பறப்பார். குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் திணித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து குலுங்குவார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பழைய கல்லாகத் திரும்பி வருவார்.

அவள் என்ன கண்டாள், பாவம்! வயிறு சரியில்லை என்று மிளகாயை நிறுத்தினாள். அப்படியும் ஓடினார். எண்ணெயை நிறுத்தினாள். கடைசியில் உப்பும் போயிற்று. வேகவைத்த காயை வெறும் வாயில் மென்றுகொண்டு, மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொஞ்ச நாளாக வீடு அமைதியாக இருந்தது. அவள் வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒருநாள் அக்காவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் வாயத் தொறந்தாலே அவருக்கு வயித்தக் கலக்குதுக்கா. நானும் ஏதோ சிரிக்கிற மாதிரி பேசறவள்னு நெனச்சிட்டிருந்தேன். எனக்கு அதெல்லாம் வரலக்கா. இனிமே வாய மூடிக்கிட்டு இருந்துடறேன்."

பக்கத்து அறையில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பேச்சு இல்லாத வீட்டில் எப்படி இருப்பது? உண்மையைச் சொல்லிவிட எழுந்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்த வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். உட்கார்ந்துவிட்டார், கோழை.

அந்த வாரமே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்து, சட்டையைத் தூக்கி வயிற்றை அழுத்திக்கொண்டே, "எப்போ வருது?" என்று கேட்டார்.

"நான் பேசினா வருது டாக்டர்."

"அது எல்லா வீட்லயும் உள்ளதுதாம்மா."

"இல்ல டாக்டர், எங்க அம்மா பேசினா வரல. நான் பேசினாதான் துண்டத் தூக்கிட்டு ஓடறாரு. துண்டு ஓரமெல்லாம் பல்லுத் தடம் வேற. சரி, பாத்ரூம்ல எலி இருக்குன்னு பொறி வாங்கி வச்சேன். அதுல வெண்ணெய் தடவி ஒரு ரொட்டித் துண்டு. காலையில பாத்தா ரொட்டியக் காணோம், எலியையும் காணோம். இவர் விரல்லதான் கட்டுப் போட்டிருந்தாரு."

டாக்டரம்மாவின் கை நின்றது. அவர் முகத்தைப் பார்த்தார், கல். வயிற்றைப் பார்த்தார், குலுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, இது வலி இல்ல. இவரோட வயிறு சிரிக்குது. எங்க, அந்த எலிய இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்த சொல்ல டாக்டர்? உப்பில்லாமப் போட்டுப் போட்டு, மனுஷன எலி சாப்பாட்டுக்கு அலைய விட்டுட்டேனே!"

ஓட வழியில்லை, துண்டும் இல்லை. இத்தனை வருடம் பூட்டி வைத்தது மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை அழுகையை மறந்தது. கண்ணில் நீர் கொட்ட, மூச்சு முட்ட, கட்டிலைப் பிடித்துக்கொண்டு அவர் கத்தினார், அப்பட்டமாகக் கழுதையேதான்.

அவள் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தான் பாத்ரூம் ஓடினீங்களா?"

"ஆமா."

"அன்னிக்கு அந்த பட்டன் கதைக்கும்?"

"எல்லாத்துக்கும்தான். கேக்க நல்லா இருக்காதேன்னு..."

"நல்லாவே இல்ல. கழுதை மாதிரிதான் இருக்கு. அதனால என்ன? அதக் கேக்கத்தானே இவ்வளவு நாளா தொண்டத் தண்ணி வத்த பேசினேன்!" என்றவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். டாக்டரம்மா மருந்துச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, "உப்புப் போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதல் காரியமாகப் பாத்ரூம் கதவை இழுத்துச் சாத்தி, நாற்காலியை அதன் குறுக்கே போட்டு, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து சொன்ன அத்தனையையும் திரும்பச் சொல்லப் போறேன். எழுந்தீங்கன்னா பாருங்க."

மூன்றாவது கதையில் கீழ் வீட்டு அம்மாள் படியேறி வந்து கதவைத் தட்டினாள்.

"என்ன சத்தம் அது? யாரு உள்ள?"

நாற்காலியை விட்டு இறங்காமலே, தெருவுக்கே கேட்கும்படி அவள் குரல் கொடுத்தாள்.

"வேற யாரு, எங்க வீட்டுக்காரர்தான்!"