கடைசி பஸ்ஸில் ஏறாதவள்

ஒரு பக்க மார்பை எடுத்த பிறகு, டிப்போவில் அவளை ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அத்தனை வருஷம் பஸ் ஓட்டியவள் இப்போது பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவல்.

கீமோ நாட்களில் அவளே இரண்டு பஸ் மாறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள், வாந்திக்காக மடியில் ஒரு பாலிதீன் பையை வைத்துக்கொண்டு. அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு வேன் வாங்கப் பணம் திரட்ட நெடுந்தூர ஓட்டம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்தாள்.

அண்ணன் வீட்டுக்கே வந்து குதித்தான். பிழைத்ததே பெரிது, ஊர் பார்க்க ஓடித்தான் ஆகணுமா என்றான். டிப்போவிலும் ஒரே கேலி.  அவள் எல்லோரிடமும் வேனுக்கு நன்கொடை கறந்தாள். கேலி பேசியவர்களிடம் இரட்டிப்பாக.

ஓட்டத்தன்று பாதித் தூரம் வரை தாக்குப்பிடித்தாள். அப்புறம் தழும்பு சுருக்கென்று இழுத்தது, அந்தப் பக்கத்துக் கை கனத்தது. முன்னால் போன கூட்டம் கண்ணை விட்டு மறைந்தது. பின்னால் பழகின இன்ஜின் சத்தம். முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வரும் கடைசி பஸ். ஓட்டி வந்தவன் அவளுடைய டிப்போ டிரைவர், எல்லோரும் மீசை என்று கூப்பிடுகிறவன். பக்கத்தில் வந்து கதவைத் திறந்தான்.

"ஏறுக்கா. ரோட்டைத் திறந்து விடப்போறாங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

உள்ளே காலி சீட்டுகள் தெரிந்தன. கால் இரண்டும் கெஞ்சின.

"பஸ்ஸை நீ ஓட்டுடா. நான் ஓடிக்கிறேன்."

விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை. ரோடு திறந்ததும் வண்டிகள் மொய்த்தன, பின்னாலிருந்து ஹாரன் காதைப் பிளந்தது. மீசை இண்டிகேட்டரைப் போட்டு, அவளுக்குப் பின்னால் ரோட்டை அடைத்தபடி ஊர்ந்து வந்தான். திட்டியவர்களை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லைக்கோட்டு வளைவைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கைதட்ட ஒரு ஈ காக்கை இல்லை. கோட்டைத் தாண்டித்தான் நின்றாள். ஓரத்தில் அண்ணன், கையில் அவளுடைய செருப்போடு.

"போதுமா இப்போ?"

"போதாது. வேன் வந்தா ஓட்ட ஆள் வேணுமாம். நான்தான்னு சொல்லிட்டேன்."

 அண்ணன் குனிந்து செருப்பை அவள் காலடியில் வைத்தான்.

வேன் வந்தது. டிப்போ மேலாளர் அவளை வேலையிலிருந்து விட மாட்டேன் என்று இழுத்தடித்தார். ராஜினாமாவை அவர் மேஜையில் வைத்துவிட்டு, அவள் வேன் சாவி வாங்கப் போனாள்.