கசூபா தேய்த்தெடுத்த நிறம்

1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கிட்வே நகரின் சுரங்கக் குடியிருப்பில், கசூபா தன் முகத்திலிருந்து களிம்பு போட்டுத் தேய்த்தெடுத்த கறுப்பு, வாளித் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. கை, கால், பல்வரிசை எல்லாம் இருந்தன. கசூபாவைப் போலவே இருபத்திரண்டு வயது. அந்த வாரம் சோளமாவு விலை ஏறியிருந்ததால் தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

வெளுப்புக் களிம்பை வாங்கி வந்தவன் அவள் கணவன் முவாப்பே. சுரங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்த பெண்ணின் வெளுத்த நிறத்தைச் சாப்பிடும்போது மூன்று முறை புகழ்ந்தான். நான்காம் முறை டப்பாவோடு வந்தான். ஏழு மாதத்தில் கசூபா பப்பாளிப்பழ நிறத்துக்கு வந்துவிட்டாள். அந்த நிறத்தை நம்பியே முன்னறையில் அழகுநிலையம் திறந்தாள். கறுப்புப் பெண்ணைப் பின்னறையில் இருத்தி, கேட்டவர்களிடம் தங்கை என்றாள்.

முடியைப் பெரிய வட்டமாக வளர்த்த காலம் போய், எண்ணெய் சொட்டும் சுருள்முடிக் காலம் வந்தது. குடியிருப்பின் தலையணைகளெல்லாம் பிசுபிசுத்தன. பிறகு புருவத்தை மழித்துவிட்டுப் பென்சிலால் நூல்போல இழுத்தார்கள், உதட்டுக்குக் கருஞ்சிவப்பில் ஓரம் வரைந்தார்கள். எல்லாவற்றையும் கசூபா முதலில் தன் முகத்தில்தான் போட்டுப் பார்த்தாள். மழித்த புருவம் திரும்ப முளைக்கவில்லை. கன்னங்களில் சாம்பல்நீலத் திட்டுகள் படர்ந்தன. அவற்றை மறைக்க இன்னும் கனமாகக் களிம்பு பூசினாள். வயிற்றில் அறுவை செய்தபோது களிம்பில் மெலிந்த தோல் தையலைத் தாங்காமல் பிய்ந்தது. பின்னறையில் இருந்தவளுக்கு ஒரு நரைகூட விழவில்லை.

சுரங்கம் ஆட்களைக் குறைத்த வருடம் முவாப்பே வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்தான். ஒருநாள் மத்தியானம் பின்னறையைப் பார்த்தபடி, “கல்யாணத்தப்ப நீ இப்படித்தான் இருந்தே,” என்றான்.

“டப்பாவ வாங்கிட்டு வந்தது யாரு?”

“நான்தான்.”

“அப்புறம் என்ன?”

“அப்ப எல்லாரும் வாங்கினாங்க,” என்றான். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனான்.

2016இல், கறுப்பு மேனிக்கென்றே புதிதாக வந்த முகப்பூச்சுக்கு விளம்பரம் எடுக்கத் தலைநகர் லுசாகாவிலிருந்து இரண்டு பெண்கள் கேமராவோடு வந்தார்கள். பின்னறையில் இருந்தவளை முன்னறைக்குக் கூப்பிட்டு, “இந்த நிறத்தத்தான் ஊரெல்லாம் தேடினோம்,” என்றார்கள். கசூபாவிடம், “அம்மா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, படத்துல விழுறீங்க,” என்றார்கள். தள்ளி உட்கார்ந்தாள்.

அவர்கள் போனதும் கசூபா வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தாள். நாற்பத்திரண்டு வருடத்தில் முதன்முறையாகக் கறுப்புப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

“திரும்ப வந்துருடி.”

அவளும் மறுக்காமல் தண்ணீரில் கை வைத்தாள், முகம் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு மூச்சடக்கிப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

“எங்கக்கா வர்றது?” என்றாள் முகத்தைத் துடைத்தபடி. “உன் தோல்ல என்னைத் தாங்குற எடம் ஒண்ணுகூட இல்லையே.”

சந்தைச் சாலையில் கறுப்பு முகத்தோடு பெரிய விளம்பரப் பலகை எழுந்தது. அந்த முகத்தைப் பார்க்கவே பெண்கள் அழகுநிலையத்துக்கு வந்தார்கள். கசூபா பின்னறைக்கு மாறிக்கொண்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. பிற்பகல்களில் மற்றவள் வந்து அவள் கன்னத்தில் எரிச்சலுக்கு மருந்து தடவிவிட்டுப் போவாள்.

2022இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

“ஒருத்தின்னு எழுதிக்கப்பா,” என்றாள் கசூபா.

அவர் இருவரையும் பார்த்தார். வயதைக் கேட்கவில்லை, முன்னறையில் தலை வாரிக்கொண்டிருந்தவளைப் பார்த்து இருபத்திரண்டு என்று எழுதிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.