வெனிஸுக்கு அம்மாவும் வருகிறாள்

மனோகர் தன் அம்மாவை வெனிஸுக்குக் கூப்பிட்டது அவள் வரமாட்டாள் என்ற தைரியத்தில்தான். சாப்பிட்டுக் கை கழுவும்போது முகத்தைக்கூடத் திருப்பாமல், "நீயும் வர்றியாமா?" என்று கேட்டு வைத்தான். கேட்டோம் என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்படிக் கூப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். இலையை மடித்த பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்பார்கள்.

அவன் தைரியத்துக்குக் காரணம் தண்ணீர். கோலார் தங்கவயலின் கோரமண்டலில் அவர்கள் இருந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வரும், வந்தால். எந்தக் கிழமை, எந்த நேரம் என்று விடுகிறவனுக்கே தெரியாது. அதனால் அங்கே யாரும் வீட்டை மொத்தமாகப் பூட்டிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். கல்யாணமோ கருமாதியோ, ஒரு ஆள் குழாயைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாக வேண்டும். மனோகர் வீட்டில் அந்த ஆள் எப்போதும் அம்மா கிருஷ்ணம்மா. கூடப் பிறந்த தங்கையின் கல்யாணத்துக்குக்கூடப் போகாதவள். சிங்கப்பூரில் இருந்த அண்ணன் கூப்பிட்டு, பாஸ்போர்ட் எல்லாம் எடுத்த பிறகு, "தண்ணி யார் புடிப்பா?" என்று நின்றுவிட்டவள். அந்தப் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் மேலே யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மனோகர் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தான்.

கிருஷ்ணம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "வரேன் நைனா" என்றாள்.

மனோகர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவன். புது மிஷின் ஒன்றைப் பழகிக்கொள்ளக் கம்பெனி அவனை இத்தாலிக்கு அனுப்பியது. வேலை முடிந்ததும் மூன்று நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம், பெண்டாட்டியும் தன் செலவில் வரலாம் என்றார்கள். ராதிகாதான் வெனிஸ் என்று சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் தனியாகப் போனது திருப்பதிக்குத்தான், அதுவும் மொட்டை போட.

அம்மா வருகிறேன் என்ற செய்தியைக் கேட்டு ராதிகா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. துணியை மடித்துக்கொண்டே, "நீங்கதானே கூப்ட்டீங்க, நீங்களே இல்லன்னு சொல்லுங்க" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றான். மனோகருக்கு எல்லா நல்ல காரியமும் நாளைக்குத்தான்.

மறுநாள் அவன் வேலையிலிருந்து வருவதற்குள் காரியம் கைமீறியிருந்தது. கிருஷ்ணம்மா பக்கத்து வீட்டு பிலோமினாவிடம் சாவியைக் கொடுத்துத் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். பிலோமினா லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஊருக்குப் போனவர்கள் வீட்டுக்கெல்லாம் ஓடி ஓடித் தண்ணீர் பிடித்து வைத்தவள் கிருஷ்ணம்மா. ஒரு வாரம் அவள் வீட்டுக் குடத்தை நிரப்ப மாட்டோமா என்று லைனே முன்னால் வந்து நின்றது. கிருஷ்ணம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை மகன் பார்த்ததே இல்லை. அந்த வெளிச்சத்தைக் கெடுக்க மனசு வராமல்தான் சொல்லவில்லை என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பச்சைப் பொய். பயம்.

ராதிகாவுக்கு மட்டும் பயம் இல்லை, கணக்கு இருந்தது. கல்யாணமாகிப் பிள்ளை இல்லாத மூன்றாவது வருஷத்திலிருந்து குழாயடியில், நாலு பேர் குடத்தோடு நிற்கும்போது, மாமியார் கேட்பாள்: "எங்க வூட்டு வயித்துல மட்டும் இன்னா, தண்ணி வராத நல்லி மாதிரி காத்துதான் வருமா?" நாலு பேரும் சிரிப்பார்கள். ராதிகா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒரு தடவை அல்ல, வருஷக்கணக்காக. கிருஷ்ணம்மா அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து அப்போதே மறந்தும் போனாள். பேசியவர்களுக்கு மறந்துவிடும்.

ஆகவே ராதிகா ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருந்தாள். சும்மா இருப்பதைவிட மோசமாக ஒரு மனுஷிக்கு எதையும் செய்ய முடியாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கிருஷ்ணம்மாவோ பயணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். ராதிகாவின் பழைய போனை வாங்கி வைத்துக்கொண்டு வெனிஸைப் பற்றிய வீடியோ ஒன்று விடாமல் பார்த்தாள். மனோகருக்குத் தலையும் காலும் புரியாத ஊர்ப்படம் அவளுக்கு ஒரு பார்வையில் பிடிபட்டது. தண்ணீருக்குள்ளே இருக்கும் ஊரில் தங்கினால் வாடகை கொள்ளை. கரையில் மெஸ்ட்ரே என்று ஒரு ஜங்ஷன் இருக்கிறது, அங்கே தங்க வேண்டும். காலையில் ரயிலேறினால் பாலத்தைத் தாண்டிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கலாம். "மெஸ்ட்ரே நம்ம பங்காருப்பேட்டை மாதிரி. வெனிஸு மாரிகுப்பம். அதுக்கு மேல தண்டவாளம் கெடையாது" என்றாள்.

அவளுக்கு மூட்டு வலி. ஊரோ பாலமும் படியுமாகக் கிடந்தது. படகு பஸ் எங்கெங்கே நிற்கும், எந்த நிறுத்தத்தில் இறங்கினால் படி குறைவு என்று பார்த்து வைத்தாள். முதல் நாள் பெரிய கால்வாயில் படகு பஸ்ஸில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போவது, இறங்காமல். இரண்டாம் நாள் கண்ணாடி ஊதுகிற தீவு. மூன்றாம் நாள் காலையில், கூட்டம் சேர்வதற்குள், சதுக்கத்தில் இருக்கும் மணிக்கூண்டு. அதில் மேலே போக லிப்ட் இருக்கிறது. அவள் புருஷன் ராஜப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சு முழுக்கத் தூசியோடு இருமி இருமிச் செத்தவர். "உங்கப்பா ஆயுசு பூரா சொரங்கத்துக் கேஜ்ல கீழ எறங்கினாரு. நான் ஒரு வாட்டி மேல ஏறிப் பாக்கறேன்" என்று மகனிடம் சொன்னாள். மனோகர் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். ஆட்டாமலாவது இருந்திருக்கலாம்.

ராதிகா அந்தத் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டாள். மாமியார் சொன்ன ஓட்டலில் அறை போட்டாள், இரண்டு பேருக்கு. மாமியார் சொன்ன நேரத்துக்கு மணிக்கூண்டுச் சீட்டு எடுத்தாள், அதுவும் இரண்டு பேருக்கு. விசாவுக்குக் கைரேகை வைக்க இருவரும் பெங்களூர் கிளம்பிய அன்று, தான் வரவேண்டாமா என்று கிருஷ்ணம்மா கேட்டாள். துபாய்க்கோ எங்கேயோ போன யாரோ ஒருத்தருக்குக் கைரேகை எடுத்தார்களாம். ராதிகா வெகு அன்பாகச் சொன்னாள்: "இது ஃபேமிலி விசா அத்தை. புருஷன் வெச்சாப் போதும், வூட்ல இருக்கறவங்க எல்லாத்துக்கும் சேத்தி." மனோகர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். அந்த வார்செருப்பு அன்றைக்கு மாட்ட வெகு நேரம் ஆயிற்று.

ரயிலில் அவன் வாய்விட்டு அழாத குறை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுகிறேன் என்றான். ராதிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கும் சொல்லவில்லை. பிலோமினா தன் ஊட்டி ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கொடுத்த அன்றும் சொல்லவில்லை. அம்மா ராபர்ட்சன்பேட்டையில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கி வந்து, வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகிய அன்றும் சொல்லவில்லை.

லைனிலிருந்து யாராவது வெளிநாடு போனால் எல்லோரும் ஸ்டேஷன்வரை வந்து மாலை போட்டு அனுப்புவது வழக்கம். கோரமண்டல் ஸ்டேஷனில் அன்று காலை ஒரு சின்னக் கூட்டமே நின்றது. பிலோமினாவின் புருஷன் கிளாரன்ஸ் கிருஷ்ணம்மாவின் பெட்டியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தார். மாலை கிருஷ்ணம்மாவுக்குத்தான் பெரிது. ஒருத்தி எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தாள், இன்னொருத்தி திருநீறு பூசினாள். பிலோமினா நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "எங்களுக்கெல்லாம் சேத்துப் பாத்துட்டு வாக்கா" என்றாள். ரயில் நகர்ந்த பிறகும் கிருஷ்ணம்மா ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பங்காருப்பேட்டை வந்தது. வண்டி நின்றதும் ராதிகா புருஷனைப் பார்த்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"அம்மா" என்றான் மனோகர். "உனக்கு டிக்கெட் போடலமா. விசாவும் எடுக்கல."

கிருஷ்ணம்மா அவனைப் பார்த்தாள். முதலில் சிரிக்கப் பார்த்தாள், விளையாடுகிறான் என்று. அவன் முகம் விளையாடுகிற முகமாக இல்லை.

"எப்போலேந்து தெரியும்?"

"மொதல்லேந்தே."

அவள் மடியில் கிடந்த மாலையை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தாள். ராதிகா குனிந்து அவள் பெட்டியை எடுத்து வாசல் பக்கம் நகர்த்தினாள். "அடுத்த வண்டிக்கு வூட்டுக்குப் போயிடுங்க அத்தை. இந்த வாரம் தண்ணி வேற வரும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் இத்தனை நாளும் பொறுத்திருந்தாள். சொன்ன பிறகு அது நினைத்த அளவுக்கு ருசிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மூவரும் இறங்கினார்கள். பிளாட்பாரத்து பெஞ்சில் கிருஷ்ணம்மா உட்கார்ந்தாள். அவள் அழுவாள், ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மனோகர் எதிர்பார்த்தான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"மாலை போட்டவங்க மொகத்துல இன்னிக்கே போயி நான் எப்டி முழிப்பேன்? இங்கயே ஒரு ரூம் போடு. நீங்க திரும்பி வர்ற வரிக்கும் இருந்துக்கறேன்."

ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த லாட்ஜில் ஜன்னல் இல்லாத அறை ஒன்று கிடைத்தது. ஜன்னல் இருந்தால் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த ஸ்டேஷன் வழியாகத்தான் கோலார் தங்கவயல் ஜனம் அத்தனையும் போய்வருகிறது. சாப்பாட்டை அறைக்கே கொண்டுவரும்படி ஏற்பாடு செய்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தபோது மனோகருக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நிம்மதி. அப்பாடா, சொல்லியாயிற்று. இப்படி ஒரு பிள்ளை.

வெனிஸ் நன்றாகவே இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். அம்மாக்காரி போட்ட திட்டத்தில் ஒரு பிசகு இல்லை. மெஸ்ட்ரேயில் அறை சுத்தமாக இருந்தது, படகு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, மணிக்கூண்டில் அவர்கள் மேலே போய்விட்டு இறங்கிய பிறகுதான் வரிசை நீண்டது. மனோகர் மேலே நின்று ஊரைப் பார்த்தான், சந்தோஷமாக இருந்தான், இரவில் நன்றாகத் தூங்கினான். பார்க்கிற இடத்தில் எல்லாம் யாராவது வெள்ளைக்காரரிடம் போனைக் கொடுத்து இருவரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அத்தனையும் அம்மாவுக்கு அனுப்பினான். எதற்கு அனுப்பினான் என்று அவனுக்கே தெரியாது. அவள் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடுகள் விழுந்தன, பதில் வரவில்லை.

திரும்பி வந்தபோது கிருஷ்ணம்மா புதுப்புடவையும் ஊட்டி ஸ்வெட்டரும் வெள்ளை ஷூவுமாகக் கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமும் அறைவாசலைத் தாண்டவில்லை என்று லாட்ஜ்காரன் சொன்னான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மனோகர் மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தான். அவள் காதில் வாங்காமல் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். ராதிகா அவள் கையைப் பிடிக்க வந்தாள். அதையும் விலக்கவில்லை, பிடிக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் லைன் மொத்தமும் அவர்கள் வீட்டுக்கு முன்னால் கூடியது. நாற்காலி போட்டு கிருஷ்ணம்மாவை நடுவில் உட்காரவைத்தார்கள். அவள் சொல்லத் தொடங்கினாள். மெஸ்ட்ரேயில் ஏறியது, பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது, ஸ்டேஷன் படியில் கால் வைத்ததும் ரோட்டுக்குப் பதில் தண்ணீர் கிடந்தது, கண்ணாடி ஊதுகிறவன் ஒரே மூச்சில் குதிரை செய்தது. மனோகர் பார்த்ததைவிட நன்றாக அவள் சொன்னாள். நடுநடுவே நிறுத்தி, "இல்லியா நைனா?" என்று மகனைக் கேட்டாள். அவன் ஆமாம் என்றான். மணிக்கூண்டில் ஏறும்போது எனக்குத் தலை சுத்திச்சு, நீதானே தோளைப் பிடிச்சுக்கிட்டே என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றான்.

பிலோமினா போனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். படகில் மனோகரும் ராதிகாவும். பாலத்தில் மனோகரும் ராதிகாவும். மணிக்கூண்டின் உச்சியில் மனோகரும் ராதிகாவும், தோளில் கை போட்டுக்கொண்டு. கடைசிப் படம்வரை போய்விட்டுத் தலையைத் தூக்கினாள்.

"நீ எங்கக்கா கீற? ஒண்ணுல கூடக் காணோமே."

ராதிகா உள்ளே எழுந்து போக ஒரு அடி வைத்து அப்படியே நின்றாள். கிருஷ்ணம்மா சிரித்தாள்.

"நான் எப்டி இருப்பேன்? அல்லாத்தையும் நான்தானே எடுத்தேன். புருஷனும் பொண்டாட்டியும் சேந்து நிக்க வாணாமா?"

பெற்றவள் கை, அதனால்தான் படம் இவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்றாள் பிலோமினா. போன் கைமாறிக் கைமாறி எல்லோரும் பார்த்தார்கள். இந்த வயதில் அம்மாவைக் கையைப் பிடித்து இத்தாலிவரை கூட்டிப்போன பிள்ளை நம் லைனில் வேறு யார் என்று ஒருவர் கேட்டார், எல்லோரும் மனோகரைப் பார்த்தார்கள். கிருஷ்ணம்மாவும் பார்த்தாள்.

"சொல்லு நைனா. நான்தானே எடுத்தேன்?"

"ஆமாம்மா."

"சத்தமாச் சொல்லு. கிளாரன்சுக்குக் காது கேக்காது."

மனோகர் சத்தமாகச் சொன்னான்.