சாந்தோ தொமிங்கோவின் சேவல்

அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனை குறித்த நாள் திங்கட்கிழமை. அதற்கு ஐந்து நாள் முன்பு, புதன்கிழமை காலை, என் அண்ணன் எலாதியோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் ஊரான லோக்ரோன்யோவிலிருந்து மேற்கே நடக்கத் தொடங்கினார். இதய வால்வு ஒன்று சரியாக மூடுவதில்லை. சிகிச்சை செய்யாவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மயக்க மருந்தில் சாவதைவிட, மேற்குக் கோடியில் யாத்திரிகர்கள் நடந்தே போய்ச்சேரும் புனித சந்தியாகப்பர் கல்லறைக்குப் போகும் வழியில் சாவது மேல் என்பது அண்ணனின் கட்சி. அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் உடன் நடந்தேன்.

திராட்சை அறுவடைக் காலம். பாரவண்டிகளிலிருந்து சிந்திய சாற்றில் செருப்பு ஒட்டியது. அண்ணன் நூறடிக்கு ஒருமுறை நின்று, கொடிகளின் காய்ப்பைப் பார்ப்பவர்போல் மூச்சு வாங்கினார்.

"என்ன பாக்கறே? விளைச்சலை மதிப்புப் போடறேன்" என்பார்.

"ஒரே கொடியை எத்தனை தடவை மதிப்புப் போடுவே?"

அவர் பாட்டுக்கு அடுத்த கொடிக்கு நடப்பார். நாற்பது ஆண்டுகளாக மதுப் பீப்பாய்களுக்கு இரும்பு வளையம் அடித்து அவர் காது போய்விட்டிருந்தது. எதிரே நின்று பேசினால், தடித்த கண்ணாடி வழியே உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பக்கவாட்டில் நடந்தபடி நான் சொன்னவை எல்லாம் காற்றுக்கே.

மூன்றாம் நாள் மாலை, அசோஃப்ராவில், அவர் முன்னால் போய் நின்றேன். "அண்ணே, போதும். திரும்பிடலாம்."

"நாளைக்குச் சேவலைக் கேப்போம்" என்றார்.

வழியில் அடுத்த ஊர் சாந்தோ தொமிங்கோ. அதன் பேராலயத்துக்குள், சுவரின் உயரத்தில், கூண்டில் ஒரு சேவலும் கோழியும் இருக்கின்றன. யாத்திரிகர் உள்ளே நிற்கும்போது சேவல் கூவினால், அவர் சந்தியாகப்பரிடம் நல்லபடியாகப் போய்ச்சேர்வார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"கூவுச்சுன்னா மேல நடப்பேன், நீ வாயைத் திறக்கக் கூடாது. கூவலன்னா உன்கூட பஸ் ஏறறேன். கத்தி வெச்சுக்கட்டும்."

"உனக்குத்தான் கேக்காதே."

"நீ கேட்டுச் சொல்லு, டீச்சர். ஊர்ப் பிள்ளைங்க பொய்யையெல்லாம் பிடிச்சவ நீ. உனக்குப் பொய் சொல்ல வராது."

சனிக்கிழமை நண்பகலில் பேராலயத்துக்குள் நின்றோம். அவர் கூண்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்மணி நேரம் கழிந்தது. பிறகு சேவல் கூவியது. கல் கூரை அதை வாங்கித் திருப்பித் தந்தது. சுற்றி நின்றவர்கள் அண்ணாந்து சிரித்தார்கள்.

"எதுக்குச் சிரிக்கறாங்க?"

"கோழி இறக்கையை அடிச்சுது."

"கூவுச்சா?"

உதடு தெளிவாக அசையும்படி, "இல்லை" என்றேன்.

அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான்கு நாள் நடந்த வழியைப் பேருந்து ஒரு மணி நேரத்தில் கடந்தது.

திங்கட்கிழமை அவரை வண்டிக்கட்டிலில் கிடத்தினார்கள். தாதி அவர் கைக்கடிகாரம், பல்செட், கண்ணாடி மூன்றையும் ஓர் உறையிலிட்டு என்னிடம் கொடுத்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தபடி, செவிடர்களுக்கே உரிய உரத்த குரலில் பேசினார்.

"சேவலுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, டீச்சர். நான் எங்கேயும் போய்ச் சேர மாட்டேன்னுதான் கம்முனு இருந்துடுச்சு. அந்த வழியானாலும் சரி, இந்த வழியானாலும் சரி."

இப்படியும் பொருள் வரும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. அவர் முகத்தருகே குனிந்தேன். "அண்ணே, கூவுச்சு. நான்தான் பொய் சொன்னேன். கூவுச்சு."

அவர் கண்களைச் சுருக்கி என் முகம் இருந்த திசையில் பார்த்தார்.

"கண்ணாடியில்லாம என்ன தெரியுது? வெளிய வந்தப்புறம் சொல்லு."

உறையைப் பிரித்துக் கண்ணாடியை எடுப்பதற்குள் கட்டில் அறுவை அறையின் கதவைத் தாண்டிப் போய்விட்டது. மாலை நாலரை மணிக்கு மருத்துவர் வெளியே வந்து, என்னை உட்காரச் சொன்னார்.