பார்சல் இறங்கும் வாளி

மூன்று பார்சல்களை நீல வாளியின் அடியில் அடுக்கி, மேலே ஒரு பழைய போர்வையைத் திணித்தாள். துவைக்கப் போகிறவள் மாதிரி தெரிய வேண்டும் என்று போர்வையின் ஒரு முனையை நனைத்து விளிம்பில் தொங்கவிட்டாள். பிறகு இடுப்பில் வாளியோடு மாடிப்படி இறங்கினாள்.

கீழே வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேத்தி எடுத்த பிறகும் எல்லோரும் தன்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் உத்தரவு.

"தினமும் என்னதான் துவைப்பியோ! தண்ணிக்குத் தனியா காசு வாங்குறேன்னு இப்படியா?"

"பொண்ணு அழுக்காக்கிட்டே இருக்குக்கா."

கொல்லைக் கதவுக்கு வெளியே, சந்தில், கணவன் சைக்கிளோடு நின்றான். பார்சல்கள் காதும் காதும் வைத்த மாதிரி அவன் தோள்பைக்குள் போயின. கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை போனதிலிருந்து பார்சல்களைக் கூரியரில் சேர்ப்பதுதான் அவனுக்கு வேலை.

முதலில் மகளுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளைத்தான் போனில் ஒரு விற்பனை ஆப்பில் போட்டு விற்றாள். சிட்டுக்குருவி என்று ஒரு புனைபெயர், அவ்வளவுதான். பிறகு துண்டுத் துணி வாங்கிப் புதிதாகவே தைக்க ஆரம்பித்தாள். மெஷினுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டுச் சத்தத்தை அமுக்கினாள். முந்தின வீட்டை அந்தச் சத்தம்தான் காலி செய்ய வைத்தது. இந்த வீட்டுக்கும் அலையாய் அலைந்தார்கள். குடியிருக்கத்தான் வீடு, கடை வைக்க இல்லை என்று முதல் நாளே வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

இப்போது ஆப் வேறு ஒன்று சொன்னது. அவள் தனி ஆள் போல விற்கவில்லையாம், வியாபாரி போல விற்கிறாளாம். வியாபாரக் கணக்குக்கு மாறாவிட்டால் இருக்கிற கணக்கும் போய்விடும். மாறினால் பெயர், கதவு எண், தொலைபேசி எல்லாம் வெளியே தெரியும். பிடிக்கவில்லை என்று யார் திருப்பி அனுப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"வேற யார் அட்ரஸாவது போட முடியாதா?" என்றான் கணவன்.

"அடையாள அட்டையில இருக்கறதைத்தான் ஏத்துக்கும்."

"சரி, கீழ பொடி எழுத்துலதானே போடுறான். யாரு படிக்கப் போறா?"

வேறு வழியில்லாமல் பொத்தானை அழுத்தினாள். ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு பயந்தோமே என்று சிரிப்புக்கூட வந்தது.

அப்புறம் ஒரு ஆர்டர் வந்தது. வெள்ளையில் நீலப் பூப் போட்ட சட்டை, ஒரு வயதுக் குழந்தைக்கு. அனுப்ப வேண்டிய முகவரியை அவள் இரண்டு முறை படித்தாள். அதே தெரு, அதே கதவு எண், கீழ்த்தளம்.

"சரக்கு இல்லன்னு சொல்லிடு."

"சொன்னா கணக்கை முடக்கிடுவாங்க. புதுக் கணக்குக்கு ஒரு மாசம் எந்த ஆர்டரையும் மறுக்கக் கூடாதாம்."

"ஸ்டிக்கர்ல நம்ம அட்ரஸை மட்டும் கிழிச்சிட்டா?"

"கிழிச்ச ஸ்டிக்கரைக் கூரியர்காரன் கையால தொடுவானா? விளையாடாதீங்க."

கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஆப் ஒத்துக்கொள்ளாது. ஆகவே அந்தச் சட்டை வாளியில் ஏறி, ஆர்டர் போட்ட வீட்டுக்காரம்மாவின் வாசலைத் தாண்டியே வெளியே போனது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் அதே வாசலுக்கு வந்தது. மாடியில் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்து நின்றாள்.

"அய்யோ, என்ன அழகு! தையலைப் பாரேன்!"

அந்தப் பயத்திலும் அவளுக்கு மனசு குளிர்ந்தது. பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏம்மா, இது நம்ம வீட்டு அட்ரஸ்தானே?" வீட்டுக்காரம்மா காலி உறையை நீட்டினாள். மெஷினையும் சாக்கையும் நீல வாளியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஓ, இதைத்தான் துவைச்சியா நீ!"

"அக்கா, வேற வழி தெரியலக்கா..."

"அழாத. நான் என்ன உன்னை வெளிய போன்னா சொன்னேன்? நல்லாத் தைக்கிறே, தை. கடைன்னா கடை வாடகை. வர்ற மாசத்துலேர்ந்து குடுத்துடு."

பின்னால் நின்ற கணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்போ அந்தத் தண்ணிக் காசு... நிஜமா துவைக்கலையே அக்கா."

"அது வேற, இது வேற."

வீடு மாறலாம் என்றால் அடையாள அட்டையை மாற்ற வேண்டும், கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மாவின் மகள் குழந்தையோடு வந்தாள். போட்டோக்காரர் வந்து கொல்லையில் நாற்காலி போட்டுக் குழந்தையை உட்கார வைத்தார். நீலப் பூச் சட்டை அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் தன் மகளையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அந்த வாரமே கூரியர்காரர் ஒரு பார்சலோடு மாடி ஏறி வந்தார். "உங்களுக்கு ரிட்டர்ன்ம்மா. இதுக்குக் கீழ் வீட்டம்மாவே ரெண்டு படி ஏறி வந்து குடுத்திருக்கலாம்" என்று சிரித்தார்.

காரணம்: அளவு சரியில்லை. கழுத்துப் பட்டையில் பால் கறை. ஒரு பொத்தானைக் காணவில்லை. கூரியர் கூலியும் அவள் தலையில்தான். கறைபட்டு வந்ததை மட்டும் மறுக்கலாம் என்று விதி இருந்தது. போனில் 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தானும், 'மறுக்கிறேன்' என்று இன்னொன்றும் இருந்தன. மறுக்கிறேன் மேல் விரலை வைக்கப் போனாள். கீழே வீட்டுக்காரம்மா யாரிடமோ சத்தம் போட்டுச் சிரிப்பது கேட்டது. விரலை நகர்த்தி மற்றதை அழுத்தினாள்.

சட்டையை நீல வாளியில் போட்டாள். போர்வை இல்லாமல் வாளி கனமே இல்லை. கொல்லைக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து சோப்பை எடுத்தாள்.

சமையலறை ஜன்னலில் வீட்டுக்காரம்மாவின் முகம் தெரிந்தது. "மஞ்சச் சட்டை ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கேன், பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"சீக்கிரம் அனுப்பு. அப்புறம், குழாயைக் கொஞ்சம் பாத்துத் திற. இப்பதான் துவைக்கிற வேலை இல்லையே உனக்கு?"

அவள் குழாயைத் திருகினாள். நூலாக விழுந்த தண்ணீரில் கழுத்துப் பட்டையை விரித்துப் பிடித்து, கட்டைவிரலால் கறையைத் தேய்த்தாள்.