ஊசிநூல்

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. காது அளவுக்கு மீறிக் கேட்டதால் வம்பில் மாட்டிக்கொண்ட ஒரு மனுஷன் கதை சொல்கிறேன். சிரிப்பு வருகிற இடத்திலேயே சிரித்துவிடுங்கள். பிற்பாடு வராது.

அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை, கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. காது கேளாதவர்கள் படம் பார்க்கும்போது திரையின் அடியில் 'கதவு கிறீச்சிடுகிறது', 'தூரத்தில் நாய் குரைக்கிறது' என்று எழுத்து ஓடுமே, அதை எழுதுகிற உத்தியோகம். மற்றவர்கள் காதில் விழாத சத்தத்தையெல்லாம் பிடித்துப் போட்டுவிடுவார்.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு பைத்தியம். புதிதாக வருகிற மின்னணு இசை, பாட்டும் இல்லாமல் மெட்டும் இல்லாமல் ஆளாளுக்குச் செய்து பார்க்கிற சோதனை இசை, எல்லாவற்றையும் ஹெட்போனில் கேட்டு, மாதாமாதம் இணையத்தில் தன் அபிப்பிராயத்தை எழுதுவார். அந்த வகை இசைக்குக் கூட்டம் குறைவுதான். ஆனால் இருக்கிற கொஞ்சப் பேரும் அவர் என்ன சொன்னார் என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். அவர் மனைவிக்கு எல்லாம் ஒன்றுதான். "நம்ம வாஷிங் மெஷின் பழுதானப்போ இதைவிட உருக்கமா பாடிச்சு. அதை ஏன் எழுதாம விட்டீங்க?" என்று கேட்பாள்.

அந்த மாதம் மூன்று இசைத் தொகுப்புகளைப் பற்றி எழுதினார். லிஃப்டுக் கூண்டுக்குள் மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தது ஒன்று. 'முதல் பாதி ஏறுகிறது, மறுபாதி எந்த மாடியில் நிற்பதென்று தெரியாமல் அல்லாடுகிறது' என்று ஒரு குட்டு. ஆட்டத்துக்கான இசையிலிருந்து தாளத்தை மட்டும் உருவிவிட்டது இன்னொன்று. 'மாப்பிள்ளை வராத கல்யாணம். ஆனாலும் வந்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்' என்று முதுகில் ஒரு தட்டு. மூன்றாவதை மரவட்டை என்ற பெயரில் ஒரு பெண் வெளியிட்டிருந்தாள். தொலைபேசி விசாரணைப் பிரிவில் வேலை பார்ப்பவள். லைனில் காத்திருக்கும்போது வருகிற கரகரப்பை நீட்டியும் மடித்தும் செய்திருந்தாள்.

அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். 'அடியில் ஊசிநூல் மாதிரி ஒரு மெல்லிய கீச்சொலி ஓடுகிறது. மற்ற ஒலிகள் ஓய்ந்தாலும் அது அறுவதில்லை. தொகுப்பு முடிந்தும் அது முடியவில்லை' என்று எழுதினார். அதோடு விட்டாரா? மற்ற இரண்டிலும் அதே நூல் லேசாக ஓடுகிறது, இந்த வருஷம் எல்லாரும் ஊசிநூலைக் கையில் எடுத்துவிட்டார்கள், இது ஒரு புதுப் போக்கு என்றும் போட்டுவிட்டார். படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? எனக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது என்று வரிசை கட்டினார்கள். ஒருவர் கண்ணீர் விட்டதாகவே எழுதினார்.

கண்ணீர் நிஜமாக வந்தது மரவட்டைக்குத்தான். ஒரு தடவை நேரில் வர முடியுமா என்று கேட்டு எழுதினாள். விடுமுறை நாளில் பாம்புச்செவி போனார். சமையலறையை ஒட்டின சின்ன அறை. இஸ்திரி போடுகிற மேசைமேல் கம்ப்யூட்டரும் கருவிகளும், அவற்றுக்கு மேலே கொடியில் பிள்ளைகளின் ஈரச் சட்டைகள். அந்த ஊசிநூல் தன் காதில் விழவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். வீட்டுக்காரருக்கும் கேட்கவில்லையாம். ஆனால் அவருக்குக் காய்கறிக்காரன் கூப்பிடுவதே கேட்காது என்றாள்.

"அத்தனை பேருக்குக் கேக்குது, பண்ணின எனக்குக் கேக்கல சார். வருஷக்கணக்கா காதுல மாட்டிக்கிட்டு வேலை பாக்கறேன். என் காது போயிடுச்சு. தொகுப்பை எடுத்துடறேன். இதையெல்லாம் மூட்டை கட்டிடறேன்" என்றாள்.

"எங்கே வருதுன்னு காட்டறேன், போடுங்க" என்றார் அவர், ஹெட்போனை மாட்டிக்கொண்டே. அவள் தனக்கு இன்னொரு ஹெட்போனை அலமாரியில் குனிந்து தேடினாள். இவர் கண்ணை மூடினார். வந்துவிட்டது. மெல்லிசாக, அறாமல். விரலை உயர்த்தினார். "இதோ."

கண்ணைத் திறந்தபோது அவள் இன்னும் அலமாரியில்தான் தலையை விட்டிருந்தாள். திரையில் கோடு நகரவே இல்லை. இசையை யாரும் ஓடவிடவில்லை.

ஹெட்போனைக் கழற்றினார். ஈரச் சட்டைகளுக்கு நடுவிலும் நூல் ஓடியது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, கண்ணுகளா. பாம்புச்செவிக்குக் காதில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை நிதானமாகக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவள் வாசல்வரை வந்து, சிரமப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டாள். அந்த மன்னிப்பு அவரைப் பேருந்து நிறுத்தம்வரை துரத்திக்கொண்டு வந்தது.

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம் உட்பட எல்லாவற்றையும் கொட்டினார். வாஷிங் மெஷின் பேச்சை இழுப்பாள் என்று பார்த்தார். இழுக்கவில்லை. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றார். அவருக்கு அது உண்மையாகவே தெரியவில்லை. எதெதில் அந்த நூலைக் கேட்டுப் பாராட்டினாரோ, அதெல்லாம் இப்போது சந்தேகம்.

"டாக்டர்கிட்ட நாளைக்குப் போலாம், நானும் வரேன்" என்றாள். "ஆனா அந்தப் பொண்ணோட காதைச் செவிடுன்னு ஆக்கிட்டு, நம்ம காதைக் காப்பாத்திக்கணுமா?"

அவர் எழுந்து போய், வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, மரவட்டைக்குத் தொலைபேசியில் பேசினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவள் தொகுப்பில் அப்படி ஒலியே கிடையாது, எந்தத் தொகுப்பிலும் கிடையாது, அது தன் காதுக்குள் ஓடுவது, அவள் காதுக்கு ஒரு குறையும் இல்லை என்றார். தன் இணையப் பக்கத்திலும் இதை அப்படியே எழுதிவிடுவதாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தார்.

அவளோ, தன் காதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், இதைக் கேட்டாள்.

"அப்போ சார், நான் பண்ணினது? அதைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலியா?"

அவர் தான் எழுதியதை மனசுக்குள் வரிவரியாகப் புரட்டினார். அத்தனையும் ஊசிநூல். அந்தக் கரகரப்பை அவள் நீட்டியதற்கும் மடித்ததற்கும் ஒரு சொல் இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான்.

"இல்லம்மா," என்றார். "நான் அதை இன்னும் கேக்கவே இல்லை."

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

கதை இவ்வளவுதான், கண்ணுகளா. போய்த் தூங்குங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் சொன்னபடியே விழட்டும். கை பட்டுச் செய்தவருக்கே பேர் போய்ச் சேரட்டும். பெரியவர் காதும் சின்னவர் மனசும் நோகாமல், உங்கள் வாசல் நிறைந்து இருக்கட்டும்.